கறுப்பு கிட்டாரில் பெயர்ந்த பூச்சு: நகப்பூச்சு போதுமா?

கேள்வி: தோள்வார் கழன்று என் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் கீழே விழுந்துவிட்டது. அடிவிளிம்பில் நகக்கண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து மரம் தெரிகிறது. பின்புறம் பெல்ட் உரசிய கீறல்கள் வேறு. நகப்பூச்சு தடவினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் கிட்டார் விழுந்த இடத்தில் தரையைத் தேடிப் பாருங்கள். பெயர்ந்த சில்லு முழுசாகக் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமான ஒட்டு எதுவும் இல்லை. நிறம், கனம், பளபளப்பு மூன்றும் அதிலேயே இருக்கின்றன. தண்ணீர்போல ஓடும் மெல்லிய வகை சூப்பர் குளூவைத் துளியாக வைத்து அதை ஒட்டிவிட்டால், வேலையில் பாதி முடிந்த மாதிரி.

சில்லு கிடைக்கவில்லையென்றால், பூச்சு எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தடவாதீர்கள். பிக்கார்டை (கம்பிகளுக்குக் கீழே உடலின் மேல் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) கழற்றி, அதன் அடியில் வெளிப்பூச்சு தொடரும் மறைவான இடத்தில், அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது கரைப்பானில் கரையும் பூச்சு; சுருக்கமாக நைட்ரோ. ஒன்றும் ஆகவில்லையென்றால் பாலியூரிதேன் அல்லது பாலியெஸ்டர். நைட்ரோவின் மேல் புதிய லாக்கர் விட்டால், அது பழையதைக் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். இறுகி அமுங்கச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நகப்பூச்சில் உள்ள கரைப்பான் நைட்ரோவை அரிக்கும் என்பதால் அங்கே அது வேண்டாம். 1950, 60களின் அசல் நைட்ரோ பூச்சு கொண்ட கிட்டார் என்றால் கையே வைக்காதீர்கள். அந்தப் பழைய பூச்சுக்குத்தான் மதிப்பு.

கண்ணாடி உடைந்ததுபோலக் கூரான, தடித்த விளிம்போடு பெயர்ந்திருந்தால் பெரும்பாலும் உங்களுடையது பாலி வகை. அது கரையாது, புதியதோடு கலக்காது. அதனால்தான் பள்ளத்தை நிரப்ப சூப்பர் குளூவைச் சொல்கிறேன். நகப்பூச்சு நிறம் தருமே தவிர, பள்ளத்தை நிரப்பாது.

பள்ளத்தைச் சுற்றி நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எங்காவது பூச்சு தூக்கிக்கொண்டு நின்றால் அதன் அடியில் அந்த மெல்லிய சூப்பர் குளூவை இறக்கி அமுக்குங்கள். தெரியும் மரத்திலும் மெல்லிய பசைப்படலம் ஒன்று விடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு நிறம் மர இழையோடு ஓடிவிடும். அது காய்ந்தபின் கறுப்பு நகப்பூச்சைப் பள்ளத்துக்குள் மட்டும் மெல்லியதாக இரண்டு முறை தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு கொஞ்சம் கெட்டியான சூப்பர் குளூவைப் பல்குத்தும் குச்சியின் முனையால் துளித்துளியாக, ஒவ்வொன்றும் இறுகியபின் அடுத்தது என்று, சுற்றுப்பரப்பைவிடச் சற்று மேடாகும்வரை வையுங்கள். சீக்கிரம் இறுக வைக்கும் தெளிப்பானைப் பயன்படுத்தினால் உள்ளே குமிழும் வெண்மையும் வரும். வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்க வேண்டாம். பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை கைசுடும் அளவுக்குச் சூடேறும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் கெடுவது இந்த இடத்தில் அல்ல, மேட்டைச் சமன்செய்யும்போதுதான். நேராக உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தால், மேடு கரைவதற்குள் சுற்றியுள்ள நல்ல பூச்சு தேய்ந்துவிடும். விளிம்பில் பூச்சு ஏற்கெனவே மெல்லியது. மரம் வரை போய்விடும். சவர பிளேடு ஒன்றை எடுத்து, இரு ஓரங்களிலும் டேப் சுற்றி, நடுவில் மேட்டின் அகலத்துக்கு மட்டும் வெட்டும் விளிம்பை விட்டுவையுங்கள். டேப்பின் கனம் பிளேடைப் பூச்சுக்கு மயிரிழை மேலே தாங்கிப் பிடிக்கும். லேசாக வளைத்து உங்களை நோக்கி இழுத்தால் மேடு மட்டும் தூளாகச் சீவி வரும். டேப் பூச்சில் படிந்து, பிளேடு எதையும் சீவாத நிலை வந்ததும் நிறுத்துங்கள்.

மிச்சத்தை 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால், சிறிய ரப்பர் துண்டில் சுற்றி, ஒரு துளி சோப்பு கலந்த நீரோடு தேய்க்கலாம். தோள்வார் குமிழின் திருகுத்துளைக்குள் நீர் இறங்க விடாதீர்கள். மரம் உப்பிப் பூச்சு வெடிக்கும். கறுப்பு நிறம் பொருத்துவதற்கு எளிது, ஆனால் மெருகேற்றும்போது எதையும் மறைக்காது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிற மங்கல் தெரிந்தால் முந்தைய எண் தாளின் கீறல் இன்னும் போகவில்லை என்று பொருள். அது போனபின்தான் பாலிஷிங் காம்பவுண்டு (மெருகேற்றும் களிம்பு).

பின்புறக் கீறல்களுக்கு நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காதவை காம்பவுண்டிலேயே மறையும். தடுக்குபவை ஆழமானவை; அவற்றைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் மேற்பூச்சே போய்விடும். வாசிக்கும் கிட்டார்தானே, நான் அவற்றை விட்டுவிடுவேன். உங்கள் கிட்டாரின் பூச்சு மங்கல் வகையாக இருந்தால் காம்பவுண்டே வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். சிலிக்கான் கலந்த பாலிஷையும் தவிருங்கள். அதன் படலம் தங்கிய இடத்தில் பின்னர் எந்தப் பூச்சு விட்டாலும் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகும்.