வெயிலில் ஐஆர் பீம் ஏன் தடுமாறுகிறது? எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் காம்பவுண்டு ஓரமாக 10 மீட்டர் தூரத்துக்கு ஐஆர் பீம் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றை; குறுக்கே யார் வந்தாலும் காட்டிக்கொடுக்கும்) போட்டிருக்கிறேன். ஒளி அனுப்பும் எமிட்டர், 555 டைமர் ஐசி வைத்து 38 கிலோ ஹெர்ட்ஸில் துடிக்கிறது. ரிசீவரில் ஒளியைக் கரண்டாக்கும் பிபிடபிள்யூ 34 போட்டோடயோடு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட் சப்ளை, பிறகு எல்எம் 358 ஆம்ப்ளிஃபையர். ரிசீவர் கிழக்கே பார்த்து இருக்கிறது. ராத்திரி பிரமாதமாக வேலை செய்கிறது, விடிந்தால் நின்றுவிடுகிறது. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கெயினைத் தொடாதீர்கள். காரியம் அதற்கு முன்னாலேயே கெட்டுவிடுகிறது.

ஒரு நல்ல 5 மி.மீ. ஐஆர் எல்.இ.டி. 100 மில்லி ஆம்பியரில், நேர் எதிரே ஒரு ஸ்டெரேடியனுக்கு (கூம்பு போல் விரியும் திண்மக் கோணத்தின் அலகு) சுமார் 100 மில்லிவாட் தரும் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தாண்டி வரும்போது அது சதுர மீட்டருக்கு 1 மில்லிவாட். உங்கள் டயோடின் பரப்பு சுமார் 7.5 சதுர மி.மீ. என்பதால் கிடைக்கும் கரண்ட் 4 முதல் 5 நானோ ஆம்பியர்தான். அதே டயோடில் நேர் வெயில் பட்டால் 2 முதல் 3 மில்லி ஆம்பியர் ஓடப் பார்க்கும். வித்தியாசம் ஏறக்குறைய 5 லட்சம் மடங்கு.

இப்போது ரெசிஸ்டரைப் பாருங்கள். 5 வோல்ட்டில் 100 கிலோ ஓம் வழியாக அதிகபட்சம் 50 மைக்ரோ ஆம்பியர்தான் போக முடியும். வெயில் அதைவிடப் பல மடங்கு கேட்கிறது. ஆகவே டயோடு முனையின் வோல்டேஜ் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. 38 கிலோ ஹெர்ட்ஸ் அசைவு அங்கே வருவதே இல்லை. இல்லாத சிக்னலை எந்த ஆம்ப்ளிஃபையரும் பெரிதாக்காது.

ரெசிஸ்டரை 1 கிலோ ஓமாக்கினால் ஒட்டிக்கொள்வது நிற்கும், ஆனால் சிக்னலும் 100 மடங்கு சுருங்கிவிடும். அந்த இடத்தில் ரெசிஸ்டருக்குப் பதில் 10 மில்லி ஹென்றி காயில் போடுங்கள். அதன் டிசி ரெசிஸ்டன்ஸ் சில பத்து ஓம்தான். வெயில் கரண்ட் முழுவதும் ஓடினாலும் 0.1 வோல்ட் அளவுக்குத்தான் விழும். காயிலுக்கு இணையாக 1.5 நானோ ஃபாரட், 220 பிக்கோ ஃபாரட் ஆகிய இரண்டு கண்டென்சர்களையும் சேருங்கள். டயோடின் சொந்தக் கொள்ளளவு ஒரு 40 பிக்கோவையும் கூட்டினால் 38 கிலோ ஹெர்ட்ஸில் ரெசனன்ஸ் வரும், அதாவது அந்த ஃபிரிக்வென்சிக்கு மட்டும் பெரிய ரெசிஸ்டர் போல நிற்கும். காயிலின் தரக்காரணி (கியூ) 20 இருந்தாலே சிக்னலுக்கு அது கிட்டத்தட்ட 48 கிலோ ஓமாகத் தெரியும். காயில், கண்டென்சர் எல்லாமே ஐந்து பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் ரிசீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்; 555-இன் பிரீசெட்டைத் திருப்பி, அவுட்புட் எங்கே உச்சமாகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். காயில் அருகே எஸ்எம்பிஎஸ் அடாப்டர் இருக்கக் கூடாது, அதன் இரைச்சலைக் காயில் பிடித்துக்கொள்ளும்.

எல்எம் 358-ஐயும் மாற்றுங்கள். அதன் கெயின்-பேண்ட்வித் (கெயினையும் ஃபிரிக்வென்சியையும் பெருக்கினால் வரும் உச்சவரம்பு) 1 மெகா ஹெர்ட்ஸ் சுற்றித்தான். 38 கிலோ ஹெர்ட்ஸில் 25-க்கு மேல் கெயின் எதிர்பார்க்க முடியாது, நீங்கள் எந்த ரெசிஸ்டர் போட்டாலும் சரி. என்இ 5532 ஆம்ப்ளிஃபையர் ஐசி வாங்கி, 12 வோல்ட்டில், ஒவ்வொன்றும் 30 கெயின் கொண்ட இரண்டு நிலையாக அமையுங்கள். மொத்தம் 900. சில நூறு மைக்ரோ வோல்ட்டாக வருவது 0.2 வோல்ட் அளவுக்கு வளர்ந்துவிடும். நிலைகளுக்கு இடையே 10 நானோ ஃபாரட் கப்ளிங் கண்டென்சர் போதும்.

இத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். வெயிலின் டிசி-யைத் தள்ளிவிட்டாலும் அது கொண்டுவரும் ஷாட் நாய்ஸ் போகாது. எலெக்ட்ரான்கள் சீராக வராமல் சிதறி வருவதால் எழும் இரைச்சல் அது; எல்லா ஃபிரிக்வென்சியிலும் இருக்கும், 38 கிலோ ஹெர்ட்ஸிலும்தான். அதை எந்தக் கண்டென்சரும் வடிகட்டாது. 2.5 மில்லி ஆம்பியர் வெயில் கரண்டில், 1 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்தில், அது சுமார் 0.9 நானோ ஆம்பியர். உங்கள் சிக்னலே 4.5. பின்னணிக் கரண்டை 10 மைக்ரோ ஆம்பியருக்குக் குறைத்தால் இரைச்சல் 0.06-க்கு இறங்கிவிடும். ஆக, வெளிச்சத்தை டயோடுக்கு முன்னாலேயே மறிப்பதுதான் பெரிய வேலை. அதற்குச் செலவும் கம்மி.

உள்விட்டம் 20 மி.மீ., நீளம் 15 செ.மீ. குழாய் ஒன்றின் அடியில் டயோடைப் பொருத்துங்கள். பக்கவாட்டில் 7, 8 டிகிரிக்கு மேல் விலகிய எதையும் அது நேராகப் பார்க்காது. சென்னையில் சூரியன் உதித்த பிறகு அந்த உயரம் ஏற அரை மணி நேரம்தான் ஆகும். பெரும்பாலும் எதிர்வீடே அதை மறைத்துவிடும். குழாயின் உட்சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்தான் மிச்சம். அதற்குக் கரகரப்பான கறுப்பு உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விடுங்கள். வழவழப்பான பெயிண்ட் உதவாது.

கறுப்பு பிளாஸ்டிக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் சில பைப்புகளும், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவுகளும் ஐஆரை ஓரளவு உள்ளே விட்டுவிடும். அலுமினியக் குழாய் என்றால் சந்தேகமே இல்லை.

முடிந்தால் பீமை வடக்கு-தெற்காகத் திருப்பிவிடுங்கள். டிசம்பர் நடுப்பகலில்கூட சென்னையில் தெற்கே சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும், குழாய்க்குள் எட்டிப் பார்க்காது. கிழக்கு-மேற்கை மாற்றவே முடியாதென்றால் எமிட்டரை ஒரு அடி தாழ்வாகவும் ரிசீவரை மேலேயும் வையுங்கள். ரிசீவர் வானத்தைப் பார்க்காமல் சற்றே குனிந்து பார்க்கட்டும். எமிட்டருக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தால் அந்த இடத்தை மறைப்பதும் நல்லது.

கேள்வி: லென்ஸ் வைத்தால் வெயிலும் சேர்ந்துதானே குவியும்? பிறகு என்ன லாபம்?

பதில்: பரவலான வெளிச்சம் அப்படிக் குவிவதில்லை. 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. ஃபோகஸ் கொண்ட பூதக்கண்ணாடி, எல்.இ.டி.யின் ஒளியை வெறும் டயோடைவிட 260 மடங்கு சேர்த்துத் தரும். சுவர், வானம் போன்ற பரந்த பின்னணியோ, மூடியில்லாத டயோடில் விழுவதில் பதினாறில் ஒரு பங்காகக் குறையும், ஏனென்றால் இப்போது டயோடு பார்ப்பது ஒன்றரை டிகிரி அகலத்தை மட்டுமே. அதே காரணத்தால் குறி வைப்பது சிரமம். தூண் லேசாக அசைந்தாலும் பீம் அறுந்துபோகும். சூரியன் நேராக லென்ஸுக்குள் வரக்கூடிய திசையில் மட்டும் வைக்காதீர்கள், டயோடின் பிளாஸ்டிக் பொசுங்கிவிடும்.

கேள்வி: டிஎஸ்ஓபி 1738 ஐஆர் ரிசீவரைப் பீமுக்குப் பயன்படுத்தினேன். ஆன் செய்ததும் ஒரு கணம் சிக்னல் வருகிறது, பிறகு அணைந்துவிடுகிறது. பழுதான பீஸா?

பதில்: பழுதில்லை. அது ரிமோட்டுக்காகச் செய்தது. இடைவிடாமல் 38 கிலோ ஹெர்ட்ஸ் வந்தால் 'இது டியூப்லைட் சோக் இரைச்சல்' என்று எண்ணி உள்ளேயிருக்கும் ஏஜிசி (தானே கெயினைச் சரிசெய்யும் பகுதி) கெயினைக் குறைத்துவிடும். 20 துடிப்பு அனுப்பி, சில மில்லி செகண்டு ஓய்வு கொடுத்து, மறுபடி அனுப்புங்கள். ஓய்வே கூடாதென்றால் டிஎஸ்எஸ்பி 4038 கேட்டு வாங்குங்கள். கெயின் மாறாத அந்த வகை பீமுக்கென்றே வருவது. சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் எது கிடைத்தாலும் கால் வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1738-இல் முன்பக்கம் இடமிருந்து கிரவுண்டு, சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி 38238-இல் அவுட்புட், கிரவுண்டு, சப்ளை. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் அதோடு சரி.

கேள்வி: எங்கள் லைன் ஃபாலோயர் (தரையிலுள்ள கோட்டைப் பின்தொடரும்) ரோபோ லேபில் ஓடுகிறது, கல்லூரி மைதானத்தில் தடம் மாறுகிறது. டிசிஆர்டி 5000 ஐஆர் சென்சார், ஆர்டுயினோ போர்டு. (தாம்பரம் மாணவி)

பதில்: மாட்யூலின் கம்பாரேட்டரை (கறுப்பா, வெள்ளையா என்று மட்டும் சொல்லும் பகுதியை) விட்டுவிட்டு அனலாக் பின்னில் படியுங்கள். எல்.இ.டி.யை டிரான்சிஸ்டர் மூலம் அணைத்து ஒரு ரீடிங், எரியவிட்டு 200 மைக்ரோ செகண்டு கழித்து ஒன்று, மறுபடி அணைத்து ஒன்று. அணைந்த இரண்டின் சராசரியை எரிந்ததிலிருந்து கழித்தால் வெயில் போய்விடும். ரோபோ நிழலுக்குள் நுழையும் போது வரும் மாற்றமும் பெரும்பாலும் கழிந்துவிடும். அணைந்த நிலையில் ரீடிங் 0 அல்லது 1023 பக்கம் ஒட்டி நின்றால் கழித்தாலும் ஒன்றும் மிஞ்சாது. லோடு ரெசிஸ்டரை 10 கிலோ ஓமிலிருந்து 1 கிலோ ஓம் வரை இறக்கிப் பாருங்கள். சென்சார் தரையிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

கோடு எதனால் போட்டது என்பதும் முக்கியம். சில கறுப்பு ஸ்கெட்ச் பேனா மைகள் ஐஆரில் வெள்ளைத் தாள் மாதிரியே தெரியும். பளபளக்கும் இன்சுலேஷன் டேப் சாய்ந்த வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும்.

கேள்வி: ஐஆர் எல்.இ.டி.யின் அலைநீளம் 850-ஆ, 940 நானோ மீட்டரா? எது நல்லது?

பதில்: வெளியில் என்றால் 940. காற்றிலுள்ள நீராவி வெயிலின் அந்தப் பகுதியை நன்றாக உறிஞ்சிவிடுகிறது. நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு அந்த ஒரு நன்மை உண்டு. ஆனால் எமிட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, ரிசீவருக்கு முன்னால் 940-ஐ மட்டும் விடும் ஃபில்டரும் வேண்டும். எல்.இ.டி.யின் ஒளியே 40, 50 நானோ மீட்டர் அகலம் உடையது என்பதால் 10 நானோ மீட்டர் ஃபில்டர் வாங்கினால் உங்கள் சிக்னலில் பெரும்பங்கு வெளியே நின்றுவிடும். 50 சுற்றி இருப்பதை வாங்குங்கள். பழைய ஃபிளாப்பி டிஸ்கின் கறுப்புத் தகடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் மறிக்கும், அதனால் வெயில் கரண்ட் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான்.