காட்மியம் மூன்று மடங்கு ஏறியது மாசினாலா?

ஒரே இடத்தில் எடுத்த கடல் முள்ளெலிகளின் இனப்பெருக்கச் சுரப்பியில் காட்மியம் கிராமுக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 3 ஆகிவிட்டது, கடல் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். நீங்களே கொடுத்திருக்கும் சுரப்பியின் உலர் எடையைப் பாருங்கள்: முன்பு 2 கிராம், இப்போது அரை கிராம். பெருக்கினால் மொத்தக் காட்மியம் 2 மைக்ரோகிராமிலிருந்து 1.5 ஆகக் குறைந்தல்லவா இருக்கிறது! முட்டையும் விந்தும் வெளியேறியதும் சுரப்பி சுருங்கிவிடும். தண்ணீர் வற்ற வற்ற உப்புக் கரிப்பது போலத்தான் இதுவும்.

துத்தநாகத்தில் இன்னொரு சிக்கல்: பெண் சுரப்பியில் அது ஆணைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலந்து அரைத்திருந்தால் அந்த அளவை நம்பாதீர்கள். (நானும் கலந்து அரைத்தவன்தான்.)

அடுத்த முறை ஒரே பருவத்தில், ஒரே அளவு விலங்குகளாக எடுங்கள். குடலையும் சோதியுங்கள், பல உலோகங்கள் சுரப்பியைவிட அங்கேதான் அதிகம். உள்ளே இருக்கும் மணலையும் பாசியையும் முதலில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அளப்பது மணலைத்தான். அப்புறம், எஃகுக் கத்தி வேண்டாம், குரோமியமும் நிக்கலும் அதிலிருந்தே வந்துவிடலாம். ஈயத்தின் மேல் சந்தேகம் என்றால் முட்களையும் பாருங்கள். முட்களில் உள்ள கால்சியத்தின் இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்துகொள்ளும்.