மணி நகை வகுப்பு எடுக்க எங்கிருந்து தொடங்குவது? அறுந்த மாலையிலிருந்து

"யூடியூப் பார்த்து நிறைய டிசைன் செய்யக் கற்றுக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்கள், வகுப்பு எடுக்க சர்டிஃபிகேட் வேண்டுமா, மாதம் எவ்வளவு வரும், கோவை ஈரோடு பக்கம் பயிற்சி எங்கே கிடைக்கும், ஆன்லைனில் எடுக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பு எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம். ஆனால் எத்தனை டிசைன் தெரியும் என்பது இந்தத் தொழிலில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நான் பெருந்துறை பக்கம், வீட்டிலேயே மணி நகை செய்து விற்கிறேன், சனி ஞாயிறுகளில் சொல்லியும் கொடுக்கிறேன். வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் புது மணி ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டமாட்டேன். வீட்டில் அறுந்து கிடக்கிற மாலை, பாசி, பிரேஸ்லெட் எது இருந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள் என்று மட்டும்தான் சொல்வேன். எந்த வீட்டிலும் அது இல்லாமல் போகாது, பீரோ லாக்கருக்குள் ஒரு கவரில் "ஒருநாள் கோத்துக்கலாம்" என்று வருடக்கணக்காகக் கிடக்கும்.

அதை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் கொட்டிப் பாருங்கள். நட்டநடுவில் அறுந்த மாலை ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்தில்தான் போயிருக்கும். லாக்கை, அதாவது கம்பியைப் பிடித்துக்கொள்ள நசுக்கிவிடுகிற சின்ன உலோகக் குழாயை, அளவுக்கு மீறி நசுக்கி அதன் விளிம்பே கம்பியை வெட்டியிருக்கும், இல்லாவிட்டால் மணித் துளையின் ஓரம் கூராக இருந்து நூலை அரைத்திருக்கும், அதுவும் இல்லையென்றால் முடிச்சின் மேல் யாரோ ஃபெவிக்விக் விட்டிருப்பார்கள். ஃபெவிக்விக் விட்டால் நூல் மொடமொடவென்று குச்சியாகிவிடும், பசை முடிகிற இடத்தில் வளைந்து வளைந்து ஒருநாள் பட்டென்று போகும். எலாஸ்டிக் பிரேஸ்லெட் பாதி இப்படித்தான் சாகிறது. முடிச்சுக்குப் பசை வேண்டுமென்றால் காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற நகைப் பசை தனியாகவே விற்கிறது, ஊசி முனை வைத்த சின்ன ட்யூபில் வரும்.

நகை பார்க்க எப்படி இருந்தது என்பதை வாங்குகிறவர் வாங்கும்போது சொல்வார். எப்படி அறுந்தது என்பதைத்தான் ஊர் முழுக்கச் சொல்வார். அதனால் வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது கியர் லாக்கில்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கியர் வயர் வெளியே ஒரே கம்பியாகத் தெரியும், உள்ளே மெல்லிய எஃகு இழைகள் பல முறுக்கியிருக்கும், மேலே நைலான் பூச்சு. இழை எத்தனைக்கு எத்தனை அதிகமோ அத்தனைக்கு வளைந்து கொடுக்கும், விலையும் ஏறும். இதில் முடிச்சுப் போடக்கூடாது, மடிந்தால் மடிந்த இடம் மடிந்ததுதான். முடிச்சுக்குப் பதிலாகத்தான் லாக். கம்பியை லாக்கில் நுழைத்து, கொக்கியின் வளையத்தில் சுற்றி, திரும்ப அதே லாக்குக்குள் விட்டு, மிச்ச வாலை அடுத்த இரண்டு மூன்று மணிகளுக்குள்ளும் செலுத்திவிட வேண்டும். இழுத்து இறுக்கும்போது முழுக்க இறுக்கிவிடாதீர்கள், கடைசி மணிக்கும் லாக்குக்கும் நடுவே நகக்கனம் இடம் விடுங்கள். இறுக்கினால் மாலை கழுத்தில் விழாது, வளையம் மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் ப்ளையரால் நசுக்குவது. லாக் தட்டையாகிக் கம்பியைப் பிடிக்கிற அந்த ஒரு நொடி விரலுக்குத் தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். ஒரு பலத்துக்கு இருக்கட்டும் என்று இன்னொரு அழுத்து அழுத்துவோம் பாருங்கள், அதில்தான் கம்பி வெட்டுப்படுகிறது. நசுக்கியதும் விரலால் தடவிப் பார்த்து, கொக்கியைப் பிடித்து ஒரு இழு இழுக்க வேண்டும். வழுக்கினால் சரியாக நசுங்கவில்லை, அறுந்தால் அதிகம் நசுங்கியிருக்கிறது.

"நெம்ப அழுத்திப் போட்டனுங்களா அக்கா?" இந்தக் கேள்வி வராத வகுப்பே கிடையாது. இந்த இடத்தை வீடியோவில் எத்தனை முறை பார்த்தாலும் கைக்கு வராது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்த நகையை இழுத்துப் பார்க்க வேண்டும். வகுப்புக்குக் காசு கொடுப்பதும் இதற்குத்தான். டிசைன் இலவசமாகவே எங்கும் கொட்டிக் கிடக்கிறது, அதனால் என் டிசைனைக் காப்பியடித்துவிடுவார்களே என்று நான் கவலைப்படுவதில்லை.

டாலரையும் கொக்கியையும் மாட்டுகிற சின்ன வளையமான ஜம்ப் ரிங்கும் இப்படித்தான். வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கித் திறக்கக்கூடாது, ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருக வேண்டும். அகலமாக்கித் திறந்த வளையம் பழைய வட்டத்துக்குத் திரும்பாது, இடுக்கு நின்றுவிடும், அந்த இடுக்கு வழியாக ஒருநாள் டாலர் நழுவிப் போகும். ஐந்து நிமிடப் பாடம், ஆனால் பாதிப் பேருக்கு இது தெரியாது.

அடுத்து முத்து. ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போடுவது எதற்கென்றால், முத்தோடு முத்து உரசித் தேயாது, அறுந்தாலும் ஒன்றுதான் கீழே விழும். நூல் மாலையின் நீளத்தைப் போல நாலு மடங்குக்குக் குறையாமல் எடுத்து, நடுவில் ஊசியை விட்டு இரட்டையாக்கிக்கொள்ளுங்கள். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, அதற்குள் இன்னொரு ஊசியை நுழைத்து, அந்த ஊசியாலேயே முடிச்சை முத்தின் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போய், ஊசியை உருவிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் அழுத்த வேண்டும். முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து மாலையின் நீளம் கூடும், அளவு சொல்லி வாங்குகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு பெரியம்மா வகுப்பில் உட்கார்ந்து ஒரு சாண் நீளம் முடிச்சுப் போட்டுவிட்டு, "ஏனம்மிணி, கழுத்துல போடறதுக்கு இத்தனை வேலையா, கடைக்காரன் கேட்ட காசு நாயந்தான்" என்றார். எனக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

இதிலேயே உங்கள் வருமானக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. புது நகை விற்பதற்கு முன்னால் பழைய நகையைக் கோத்துத் தர ஆரம்பியுங்கள். கருகமணி, பவளம், முத்து என்று நம் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும், கோத்துத் தருகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அம்மாயி போட்டிருந்த பவள மாலையைக் கொண்டு வருகிற பெண்ணுக்கு அது வெறும் பவளமாகத் தெரியாது. ஆகவே அவர் கண் முன்னாலேயே மணிகளை எண்ணி, எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்ட பிறகுதான் வாங்கி வைப்பேன். இந்தப் பழக்கத்தால் பிற்பாடு ஒரு பேச்சு வராது. இப்படி வந்தவர்கள்தான் அடுத்த மாதம் மகளின் சீருக்கு செட் கேட்டு வருகிறார்கள், அந்த மகள்தான் அப்புறம் வகுப்புக்கும் வருகிறாள். ஒரு எச்சரிக்கை: தங்க நகையோடு சேர்த்து இவற்றையும் புளித் தண்ணீரில் போட்டுக் கழுவுகிற வழக்கம் இருக்கிறது. முத்தும் பவளமும் சுண்ணாம்புப் பொருள், புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அவற்றை அரித்து மெருகைப் போக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பொருள் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன மணிகளுக்கு 15/0, 11/0, 8/0, 6/0 என்று அளவு சொல்வார்கள், எண் பெரிதானால் மணி சிறியது. 11/0 ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 8/0 சுமார் 3. ஜப்பான் மணிகள் ஒன்றுபோல ஒரே அளவில் இருக்கும், பின்னல் வேலைக்கு அவைதான் லாயக்கு, விலை கடிக்கும். நம் நாட்டு மணிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பழகுகிறவர்களுக்கு அது நல்லதுதான், எதை ஒதுக்குவது என்று கண் கற்றுக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் மணி ஒரு அங்குலத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல் வரும், 18 அங்குல மாலைக்கு ஐம்பத்தேழு மணி, கொக்கி நீளத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கோவையில் டவுன்ஹாலைச் சுற்றியுள்ள வீதிகளில் கொஞ்சம் அலைந்தால் எல்லாம் கிடைக்கும், மொத்தமாக வேண்டுமென்றால் சென்னை சவுகார்பேட்டை. மணியில் மிச்சம் பிடிக்கலாம், கொக்கியில் மட்டும் பிடிக்காதீர்கள். ஈரோட்டு வெயிலில் வேர்வை பட்டால் மட்டமான முலாம் ஒரே நோம்பியில் கறுத்துவிடும், நிக்கல் கலந்திருந்தால் பின்கழுத்து அரிக்க ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி கொஞ்சம் விலை கூடினாலும் அதையே போடுங்கள்.

வகுப்புக்கு வருகிறவர்களை நான் ஒரு தடவையாவது கொடுமணலுக்குப் போய்வரச் சொல்வேன். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கிற ஊர், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய மணிப் பட்டறை வெளிப்பட்டது. பளிங்கு, காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல், சூதுபவளம் என்கிற செந்நிறக் கல். முடிந்த மணிகளோடு வெறும் கல்லாக, பாதி உடைத்ததாக, மெருகு போடாமல், துளை போடாமல் என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. எனக்கு அந்த அரைகுறை மணிகள்தான் பிடிக்கும், யாரோ ஒருவர் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். சூதுபவளம் நம் பக்கத்துக் கல் கிடையாது, குஜராத்திலிருந்து வந்தது என்கிறார்கள். இன்றைக்கும் நாம் வாங்குகிற, சூதுபவளத்தின் இனமான அகேட் மணிகளில் நிறைய அங்கே காம்பத் என்கிற ஊரிலிருந்துதான் வருகின்றன.

சொல்லிக் கொடுப்பதில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் யார் கையும் உங்கள் கண்ணில் படாது. நாற்பதைத் தாண்டியவர்களைக் கண்ணாடி கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊசிக்கு நூல் கோப்பதிலேயே நேரம் போய் "நமக்கு இது வராது" என்று எழுந்து போய்விடுவார்கள். என் அனுபவத்தில் சீக்கிரம் தேறுகிறவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த பெண்கள். குறை எங்கே என்று தேடிப் பழகிய கண், கோணலான ஒரு மணியை நூறு மணிக்கு நடுவிலும் பிடித்துவிடும். கட்டணத்தையும் பொருள் செலவையும் தனித்தனியாக வாங்குங்கள், சேர்த்து வாங்கினால் மணி விலை ஏறும்போது நஷ்டம் உங்களுக்கு.

விலை வைப்பதில் "பொருள் செலவை இரண்டால் பெருக்கு" என்று ஒரு யோசனை சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். நாற்பது ரூபாய் மணியில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பின்னிய காதணியை எண்பது ரூபாய்க்கா விற்பது? உங்கள் உழைப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு கூலி என்று முதலில் முடிவு செய்துகொண்டு பொருளை அதோடு கூட்டுங்கள். மாதம் இவ்வளவு நிச்சயம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாண மாதங்களில் ஆர்டர் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் ஓய்ந்துவிடும், அந்த இரண்டு மாதங்களை வகுப்புக்கு வைத்துக்கொண்டால் கை முடங்காது.

சர்டிஃபிகேட் இல்லாமலும் வகுப்பு எடுக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள், ஃபேன்ஸி நகை செய்ய 13 நாள் பயிற்சி உண்டு, இலவசம், சாப்பாடும் போடுவார்கள். கணக்கு வழக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுப்பார்கள், அது நமக்கு ரொம்பவே தேவை. ஜிஎஸ்டி பற்றி இப்போதே வெசனப்பட வேண்டாம், பொருள் விற்பனை மட்டும் என்றால் தமிழ்நாட்டுக்குள் வருடம் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம்.

ஆன்லைனில் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் எடுக்கிறேன், ஃபோனை ஸ்டாண்டில் மாட்டிக் கைக்கு மேலே நிறுத்திவிட்டால் அவர்களுக்கு என் கை நன்றாகத் தெரிகிறது. எனக்குத்தான் அவர்கள் லாக்கை எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று தெரிவதில்லை. அதற்காக முதல் மாலையை முடித்ததும் கூரியரில் அனுப்பச் சொல்லி, கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அனுப்பாதவர்களுக்கு அடுத்த வகுப்பின் லிங்க் போகாது.