கிளாரினெட்டைக் கைவிடாதவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜாஸ் கிளாரினெட் என்றாலே பென்னி குட்மன், ஆர்ட்டி ஷா என்று அமெரிக்கர்களின் பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இணையாக வைத்துப் பேசத் தகுந்த கலைஞர் ஐரோப்பாவில் ஒருவரும் இல்லையா?

பதில்: இருந்தார். ஒருவரை மட்டும் சொல்லும்படி கேட்டால், ஜெர்மனியின் ரோல்ஃப் க்யூனைத்தான் நான் தயக்கமின்றிச் சொல்வேன். 1929 செப்டம்பர் 29 அன்று கொலோன் நகரில் பிறந்து, லைப்சிக்கில் வளர்ந்து, 2022 ஆகஸ்ட் 18 அன்று பெர்லினில் தமது 92ஆம் வயதில் மறைந்தவர் அவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்தார் என்பதைவிட, அத்தனை ஆண்டுகளும் தம் இளமைக்கால வெற்றியைத் திரும்ப வாசித்துக் காட்டுவதோடு நின்றுவிடவில்லை என்பதே அவருடைய பெருமை.

அவருடைய தந்தை வித்தைக் கலைஞர், தாயார் யூதர். இதனால் நாஜி ஆட்சியின் இனச் சட்டங்கள் அந்தச் சிறுவனைப் 'பாதி யூதன்' என்று வகைப்படுத்தின. அந்தக் காலத்தில் அவர் கிளாரினெட் கற்றது லைப்சிக்கின் புகழ்பெற்ற கேவண்ட்ஹவுஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஹன்ஸ் பெர்னிங்கரிடம். சாஸ்திரிய முறையில் அமைந்த அந்த அடித்தளம் அவர் வாசிப்பில் இறுதிவரை தெரிந்தது. எவ்வளவு வேகமாகப் போனாலும் அவருடைய ஒலி கிழிவதில்லை. போர் முடிந்தபின், லைப்சிக்கில் பிறந்த பியானோ கலைஞர் யூட்டா ஹிப் அவருக்குப் பென்னி குட்மனின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஜாஸ்தான் தம் வழி என்று அவர் தீர்மானித்தது அதைக் கேட்ட பிறகுதான். லைப்சிக் வானொலியில் குர்ட் ஹென்கெல்ஸ் நடத்திய நடன இசைக்குழுவில் வாசித்தவர், 1950களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லினுக்குச் சென்று அங்கிருந்த ரியாஸ் வானொலியின் நடன இசைக்குழுவில் சேர்ந்தார்.

1956இல் அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். ஐரோப்பியர்கள் ஜாஸைப் பிரதி எடுக்கத்தான் தெரிந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், ஒரு ஜெர்மானியர் அந்த இசை பிறந்த நாட்டுக்கே போய், அதுவும் குட்மனின் கருவியை வாசித்துப் பிழைக்கத் துணிந்தது சாதாரணக் காரியமன்று. அதே ஆண்டில் வேன்கார்ட் நிறுவனத்துக்காக 'ஸ்ட்ரீம்லைன்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். 1957இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்தார். பிறகு பென்னி குட்மனின் இசைக்குழுவிலேயே இடம்பெற்றார். எந்த இசைத்தட்டு அவரை இந்த வழிக்கு இழுத்ததோ, அதை வாசித்தவரே தம் குழுவில் அவரை அமர்த்திக்கொண்டார் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

கேள்வி: 1940களுக்குப் பிறகு ஜாஸில் கிளாரினெட் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது என்கிறார்களே, அதற்கு என்ன காரணம்? ரோல்ஃப் க்யூன் போன்றவர்கள் ஏன் சாக்சபோனுக்கு மாறிவிடவில்லை?

பதில்: முக்கியமான காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. சாக்சபோனின் குழல் கூம்பு வடிவானது. அதில் ஒரு சுரத்துக்குரிய விரல் அமைப்பை மாற்றாமல் ஸ்தாயிச் சாவியை மட்டும் அழுத்தினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் உருளை வடிவானது. அதில் அவ்வாறு செய்தால் கிடைப்பது அதே சுரமன்று. கீழே ஷட்ஜமாக இருந்தது, மேல் ஸ்தாயியின் பஞ்சமமாக எழும். ஆகவே ஒரே இசைச் சொற்றொடரைக் கீழும் மேலும் வாசிக்க இருவேறு விரல் அமைப்புகளைப் பழக வேண்டும். இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடைப்பட்ட சில சுரங்களோ இயல்பிலேயே மெலிந்து ஒலிப்பவை. 1940களில் வந்த பீபாப் பாணி, மின்னல் வேகத்தில் சுரம் மாறும் நீண்ட சொற்றொடர்களைக் கேட்டது. டிரம்ஸ் வாசிப்பும் பலத்தது. சாக்சபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் அது வசதியாக அமைந்தது. கிளாரினெட்டில் அந்த இசையை வாசித்துக் காட்டியவர்கள் பட்டி டிஃபிராங்கோ உட்பட மிகச் சிலரே. மற்றவர்கள் பழைய பாணிகளிலேயே தங்கிவிட, கிளாரினெட் என்றால் கடந்த காலத்தின் ஒலி என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

ரோல்ஃப் க்யூன் அந்த எண்ணத்துக்கு உடன்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்குத் திரும்பி, ஹம்பர்க்கில் தொலைக்காட்சி இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது, வசதியான அந்த வேலையோடு அவர் நின்றிருக்கலாம். அவரை மாற்றியதில் பெரும் பங்கு தம்பி யோவாகிமுக்கு உண்டு. அண்ணனைவிட ஏறக்குறைய பதினைந்து வயது இளையவரான அந்தப் பியானோ கலைஞர், 1966இல் ஆஸ்திரியப் பியானோ கலைஞர் ஃபிரீட்ரிக் குல்டா வியன்னாவில் நடத்திய போட்டிக்கு வந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பாமல் மேற்கிலேயே தங்கிவிட்டார். மறு ஆண்டில் சகோதரர்கள் இருவரும் நியூயார்க்கில், இம்பல்ஸ் நிறுவனத்துக்காக 'இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் நியூயார்க்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று மறைந்த அந்தக் கோடையின் துயரம் அதில் படிந்திருக்கிறது. ஒரு பகுதிக்கு 'மிகத் துயரமான நாள்' என்ற பொருளில் பெயரிட்டிருக்கிறார்கள். பாஸ் வாசித்தவர் கோல்ட்ரேனின் குழுவிலேயே இருந்த ஜிம்மி கேரிசன். சட்டகங்களைத் தளர்த்திய அந்தக் கட்டற்ற இசையில், குட்மன் போன்றோரின் நடன ஜாஸான ஸ்விங் காலத்தின் நளினக் கருவி என்று ஒதுக்கப்பட்ட கிளாரினெட் கதறுகிறது, விம்முகிறது, ஆனாலும் சுருதி பிசகுவதில்லை. குட்மனின் குழுவில் இருந்த ஒருவர் பத்தாண்டுக்குள் இங்கே வந்து நின்றார் என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

கேள்வி: இதுவரை அவர் இசையைக் கேட்டிராத எனக்கு, எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்ட முடியுமா?

பதில்: முதலில் 'ஸ்ட்ரீம்லைன்' கேளுங்கள். தாளம் தெளிவாக இருப்பதால் அவர் மனோதர்மத்தின் ஓட்டத்தைப் பின்தொடர்வது எளிது. அடுத்துச் சகோதரர்களின் 1967ஆம் ஆண்டுப் பதிவுக்குப் போகலாம்; ஒரே மூச்சில் கேட்டு முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு நேராக அவருடைய முதுமைக்கு வந்துவிடுங்கள். எண்பது வயதை ஒட்டிய காலத்தில் அவர், தம்மைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் இளையவரான டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியான் லில்லிங்கர் போன்ற பெர்லின் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு புதிய குழுவை நடத்தினார். அந்த இளைஞர்கள் முதியவருக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, அவரும் அதைக் கேட்கவில்லை. தொண்ணூறை நெருங்கும்போது, 2018இல் வெளிவந்த 'யெல்லோ பிளஸ் புளூ' அதைவிட அமைதியானது. அதில் மூச்சின் அளவை அறிந்து, வேண்டிய சுரத்தை மட்டும் வாசித்திருக்கிறார். இரவில் கேட்பதற்கு நான் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.