கோடுகள் எந்தப் பக்கம், கீதம் எந்த மொழியில்?

வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் முகாமைத்துவக் குழுச் செயலாளரான வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து குடியிருக்கும் கட்டடம். வரும் பெப்ரவரி 4ஆம் திகதி காலை வாகனத் தரிப்பிடத்தில் கொடியேற்றி, பிள்ளைகளை வைத்துச் சிறு நிகழ்ச்சியும் நடத்தப் போகிறார்கள். சென்ற முறை கொடி பிழையாகத் தொங்கியது என்று ஒருவர் சண்டைக்கு வந்தாராம். சரியான முறை எது? தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவது சட்டவிரோதம் என்கிறார் இன்னொருவர், உண்மையா? சுதந்திரம் பெற்றுத் தந்தவர்கள் என்று சுவரில் யார் யாருடைய படங்களை வைப்பது? தேசியச் சின்னங்களை வரையும் போட்டிக்கு எவற்றைக் கொடுப்பது? இவ்வளவையும் கேட்டுவிட்டு, கேள்வியாக இல்லாமல் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "உயர்தரம் படிக்கும் என் மகன், எங்களுக்கு என்ன சுதந்திரம், நான் கீழே வரமாட்டேன் என்கிறான்."

கொடியிலிருந்து தொடங்குகிறேன். இடது, வலது என்று மனப்பாடம் செய்யாதீர்கள்; காற்று திரும்பினால் இரண்டும் மாறிவிடும். கம்பத்தை மட்டும் பாருங்கள். சிங்கம் எப்போதும் கம்பத்தை நோக்கி நிற்க வேண்டும். கோடுகள் இரண்டும் கம்பத்தின் பக்கம் இருக்க வேண்டும். கம்பப் பக்கத்து மஞ்சள் விளிம்பை அடுத்து முதலில் பச்சை, பிறகு செம்மஞ்சள், அதற்கப்பால் கருஞ்சிவப்புப் பரப்பில் வாளேந்திய சிங்கம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. சுவரில் விரித்து வைப்பதானால் கோடுகள் பார்ப்பவரின் இடப்பக்கம் வரட்டும்.

உங்கள் கட்டடத்துச் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் தையற்காரராக இருக்கலாம். ஜனவரி கடைசி வாரத்தில் புறக்கோட்டையிலும் சமிக்ஞை விளக்குச் சந்திகளிலும் விற்பனைக்கு வரும் மலிவுக் கொடிகளில், கயிறு கோக்கும் மடிப்பைச் சிங்கத்தின் வால் பக்கம் தைத்திருப்பதும் உண்டு. அதை அப்படியே ஏற்றினால் சிங்கம் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாங்கும்போதே விரித்துப் பாருங்கள். நீளம் அகலத்தின் இரு மடங்காக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 3 அடி அகலமானால் 6 அடி நீளம். இந்த அளவில் இல்லாத கொடிகளில் சிங்கம் நசுங்கிப்போய் நிற்கிறது. அரசமர இலைகள் நான்கு மூலையிலும் இருக்க வேண்டும். 1972இல் சேர்க்கப்பட்ட அவை மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற நான்கு பண்புகளைக் குறிப்பவை.

கோடுகளே இல்லாத சிங்கக் கொடியை யாராவது கொண்டுவந்தால் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியை வைத்து உருவான அது, 1948 பெப்ரவரி 4இல் ஏற்றப்பட்டது உண்மைதான். ஆனால் 1951ஆம் ஆண்டிலிருந்து அது தேசியக் கொடி அல்ல. இந்த இடைவெளியில் நடந்தது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க கதை. சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பின் உறுப்பினர் ஏ. சின்னலெப்பை, தமிழ் பேசும் ஒரு முஸ்லிம். சிறுபான்மையினரின் ஆட்சேபங்களுக்குப் பிறகு எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம், முஸ்லிம் தலைவர் டி.பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தனர். தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரு கோடுகளைச் சேர்ப்பது அந்தக் குழுவின் முடிவு. பொன்னம்பலம் ஏற்றார், நடேசன் இணங்கவில்லை. சிங்கம் தன் கட்டத்துக்குள் அப்படியே நிற்க, கோடுகள் வெளியே வைக்கப்பட்டால் அது ஒற்றுமையின் சின்னமாகாது என்பது அவர் வாதம். ஆக, கோடுகள் உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்ற பேச்சு இன்று தேநீர்க் கடையில் பிறந்ததல்ல. கொடி பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

மற்ற ஒழுங்குகள் எளியவை. சூரிய உதயத்துக்குப் பின் ஏற்றி, மறைவதற்குள் இறக்குங்கள். இறக்கும் பொறுப்பை இன்னாருக்கென்று முன்கூட்டியே ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் 5ஆம் திகதி மழையிலும் அது நனைந்துகொண்டிருக்கும். தேசியக் கொடிக்கு மேலே வேறெந்தக் கொடியும் பறக்கக் கூடாது. பௌத்தக் கொடியோ நந்திக் கொடியோ பக்கத்தில் இருந்தால், பார்ப்பவருக்கு இடப்பக்கத்து முதலிடத்தைத் தேசியக் கொடிக்குக் கொடுங்கள். பல்கனியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். சிங்கம் ஏணியில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடுத்த சண்டை தொடங்கும்.

இனிக் கீதம். சட்டவிரோதம் என்று சொன்னவரிடம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மட்டும் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 6ஆம் உறுப்புரை கொடியைப் பற்றியது, 7 கீதத்தைப் பற்றியது, 8 பெப்ரவரி 4ஐத் தேசிய தினமாக விதிப்பது. கீதத்தின் சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை எடுத்துப் பாருங்கள். அந்த அட்டவணையில் அச்சிடப்பட்டிருப்பது "ஸ்ரீ லங்கா தாயே" என்ற தமிழ் வடிவம். நாட்டின் உச்சச் சட்டமே தமிழில் அச்சிட்டு வைத்திருக்கும் பாடலை வாகனத் தரிப்பிடத்தில் பாடுவது எப்படிக் குற்றமாகும்? 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

சிங்கள மூலத்தை எழுதி இசையமைத்தவர் ஆனந்த சமரக்கோன். 1940இல் உருவான பாடல் 1951இல் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. தமிழாக்கம் பண்டிதர் மு. நல்லதம்பியுடையது, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மெட்டு ஒன்றே. வடக்கு, கிழக்குப் பாடசாலைகளில் தலைமுறைகளாக அதைத்தான் பாடி வருகிறார்கள். தடுமாற்றம் இருந்ததெல்லாம் கொழும்பின் அரச மேடைகளில். போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையில், ஒரே மெட்டில் இரு மொழிகளிலும் பாடும் வழக்கம் பேணப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழில் பாடத் தடை இல்லை என்று 2015இல் அப்போதைய ஜனாதிபதி தெளிவுபடுத்தினார். 2016 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடலின் அரச விழாவில், பல பத்தாண்டுகளுக்குப் பின் தமிழில் ஒலித்தது. 2020இல் சுதந்திர சதுக்கத்தில் நடந்த விழாவில் மீண்டும் சிங்களத்தில் மட்டும். அரச மேடையில் ஆட்சிக்கு ஆட்சி மாறுவது அரசியல் முடிவு. அதைப் பார்த்துத்தான் பலர் சட்டமே மாறிவிட்டதாக நினைக்கிறார்கள்.

எப்படிப் பாடுவது என்பதற்கு என் யோசனை: இரண்டையும் ஒரே நேரத்தில் பாடுவது கேட்க அழகாக இருக்கும் என்பார்கள். மைதானத்தில் இருக்கலாம், கொங்கிரீட் கூரைக்குக் கீழே இரண்டும் கலந்து இரைச்சலாகிவிடும். ஒன்றை முழுமையாகப் பாடி முடித்து மற்றதைப் பாடுங்கள். சர்வதேசப் பாடசாலைகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குச் சிங்கள வரிகள்தான் தெரியும், சிலருக்கு இரண்டுமே அரைகுறை. ஆகவே ஒரு தாள் அச்சிடுங்கள். சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்திலும், தமிழ் வரிகளைச் சிங்கள எழுத்திலும் எழுதி அயலவர்களிடம் கொடுங்கள். முதல் மாடிச் சிங்கள ஆச்சி தமிழ் வரியைப் பாட முயல்வாரா என்று தயங்காதீர்கள். தாள் கையில் இருந்தால் பாடுவார்கள். கீதம் முடிந்ததும் கைதட்ட வேண்டாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

படங்களுக்கு வருகிறேன். டி.எஸ். சேனாநாயக்க இல்லாமல் முடியாது. முதல் பிரதமர், 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர், சுதந்திர சதுக்கத்து மண்டபத்தின் முன் சிலையாக நிற்கிறார். ஆனால் அவரை மட்டும் வைத்துவிட்டு, ஓரத்தில் "மற்றும் பலர்" என்று எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் அமைந்தபோது அதன் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தமிழருக்கான மேல்மாகாண ஆசனம் பற்றிய வாக்குறுதி காற்றில் போனதும் அவர் விலகினார் என்பதையும் படத்தின் கீழே எழுதுங்கள். அவருடைய அண்ணன் இராமநாதன் 1911இல் சட்டசபையின் 'படித்த இலங்கையர்' ஆசனத்தில் சிங்கள வேட்பாளரைத் தோற்கடித்தவர், சிங்கள வாக்காளரின் ஆதரவுடன். 1915 கலவரத்துக்குப் பின் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை சென்று வாதாடியதால் அவர் வந்த குதிரை வண்டியைச் சிங்களவர்களே இழுத்துச் சென்றார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கலவரத்தில் தாக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். உங்கள் முஸ்லிம் அயலவரின் வீட்டில் இராமநாதனைப் பற்றிய நினைவு வேறாக இருக்கலாம், டி.பி. ஜாயாவின் படத்தையும் பக்கத்தில் வைத்து, 1915இல் நடந்ததை மறைக்காமல் எழுதுவதே நல்லது. அனைவருக்கும் வாக்குரிமை வேண்டாம் என்றவரும் இதே இராமநாதன்தான்.

அந்த வாக்குரிமை 1931இல், பிரித்தானிய ஆட்சி தந்த டொனமூர் அரசியலமைப்போடு வந்தது. பெண்களுக்கும் சேர்த்து, சுதந்திரத்துக்கு 17 ஆண்டுகள் முன்பே. மறு ஆண்டு இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கில் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போன நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணைக் கொழும்புத் தமிழரே மறந்துவிட்டார்கள். உங்கள் சுவரில் அவருக்கு இடம் கொடுங்கள். தோட்டத் தொழிலாளரைத் திரட்டி, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற கோ. நடேசய்யருக்கும் ஓர் இடம். முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 தேர்தலையே பகிஷ்கரிக்கச் செய்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும் வேண்டும். தென்னிலங்கைத் தலைவர்கள் படிப்படியாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் முழுவதையும் கேட்டவர்கள் அவர்கள். 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியினரையும் விட்டுவிடாதீர்கள். பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா ஆகியோர் சுதந்திரத்தைக் கோரியவர்கள். 1948இல் கிடைத்ததைப் போலிச் சுதந்திரம் என்று அவர்களின் கட்சி அன்றே சொன்னது.

உங்கள் மகனுக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அவன் கேட்பது புதிய கேள்வி அல்ல. முதல் அமைச்சரவையில் சி. சுந்தரலிங்கம், சி. சிற்றம்பலம் என்று இரு தமிழர்கள் இருந்தார்கள். அதே ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். சுந்தரலிங்கம் பதவியை விட்டு வெளியேறினார். 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1957 பெப்ரவரி 4இல் திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் சுடப்பட்டு இறந்தார். அன்றிலிருந்து இந்த நாளுக்கு இரண்டு கொடிகள். கீழே வா என்று அவனை வற்புறுத்தாதீர்கள். வீடுகளில் கொடியேற்றும்படி ஒவ்வொரு ஆண்டும் அரசாங்கம் விடுப்பது வேண்டுகோள். தாயும் வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பதிலாகச் சுவரிலுள்ள படங்களுக்கான குறிப்புகளை எழுதும் வேலையை அவனிடம் ஒப்படையுங்கள். 1948இன் சட்டமும் 1957இன் துப்பாக்கிச்சூடும் அந்தச் சுவரில் இடம்பெறலாம் என்று குழு இணங்கினால், அவனே ஆணியடிக்க வருவான் என்பது என் கணிப்பு. குழு இணங்காவிட்டால், அவன் வராததற்கு அவன் காரணமல்ல.

வரைதல் போட்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சிறியவர்களுக்கு இலங்கைக் காட்டுக்கோழி. சேவலின் செம்மஞ்சளும் கருநீலமும் வர்ணக் குச்சிக்கு ஏற்றவை. இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளுக்கு நாகமரத்தின் பூ: வெள்ளை இதழ், மஞ்சள் நடு. பெரிய பிள்ளைகளுக்கு அரச இலச்சினையைக் கொடுக்கலாம், வாளேந்திய சிங்கத்தைச் சுற்றித் தாமரை இதழ்கள், கீழே நெற்கதிர் எழும் பூரண கும்பம், இருபுறமும் சூரியனும் சந்திரனும், மேலே தர்மச் சக்கரம் என்று நுணுக்கமான வேலை நிறைய. கரப்பந்தாட்டமும் பட்டியலில் உண்டு, 1991இலிருந்து தேசிய விளையாட்டு.

தேசிய மலரான நீலோற்பலத்தில் மட்டும் சிறு சிக்கல். கொழும்பின் குளங்களிலும் ஹோட்டல் தொட்டிகளிலும் பிள்ளைகள் பார்க்கும் ஊதா நிறப் பூ பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கலப்பினம். உள்ளூர்ப் பூ வெளிர் நீலத்தில், இதழ் குறைந்து, அடக்கமாக இருக்கும். ஊதாவில் வரைந்த பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்க வேண்டாம் என்று நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது கண்ணால் கண்டதைத்தானே வரைந்தது.