பளபளக்கும் பழைய ரோல்ஸ்ராய்ஸ்: பாடியை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: 1934-ஆம் ஆண்டு ரோல்ஸ்ராய்ஸ் 20/25 சலூன் (நிலையான கூரையுள்ள கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அலுமினியப் பாடி; ஆறு மாதத்துக்கு முன்புதான் முழுவதும் பெயின்ட் அடித்தார்களாம். எஞ்சினைப் பார்க்க ஆள் இருக்கிறார். பாடியைப் பார்க்க ஒரு காந்தம் போதும் என்கிறார் நண்பர். அது சரியா? வாங்கிய பின் என்னென்ன வேலை செய்யலாம்? கூரையை எடுத்துத் திறந்த காராக்கினால் மதிப்புக் கூடுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரும்புத் தகட்டில் எங்கே பட்டி (ஒடுக்கையும் பள்ளத்தையும் நிரப்பும் பசை) கனமாக இருக்கிறது என்பதை அது காட்டும். அலுமினியத்தில் காந்தமே ஒட்டாது என்பதால், பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரே பதில்தான். அலுமினியத்தின் மேலும் பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். அளவு ஆயிரம் மைக்ரானைத் தாண்டும் இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆனால் இந்தக் காரில் தகட்டைவிட, தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரமே முக்கியம். லேலண்ட் சேசிஸை (அடிச்சட்டத்தை) வாங்கிக் கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் போலத்தான் அந்நாளில் இந்தக் கார்களும் உருவாயின. 1929 முதல் 1936 வரை வந்த 20/25 மாடலில் ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் விற்றது எஞ்சினோடு கூடிய சேசிஸ் மட்டுமே; பாடியை ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட் போன்ற பட்டறைகள் பெரும்பாலும் ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தில் சட்டம் அமைத்து, அதன்மேல் தகடு போர்த்திக் கட்டின. அந்தச் சட்டம் இற்றுப்போனால், மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தும் பயனில்லை.

ஒவ்வொரு கதவையும் இரண்டு அங்குலம் திறந்து, அதன் வெளி விளிம்பை இரு கைகளாலும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீல் ஆணி மட்டும் ஆடினால் சிறு செலவு. கீலோடு சேர்ந்து தூணே அசைந்தால், திருகைப் பிடித்துக்கொள்ள உள்ளே மரம் இல்லை என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப்போன ஒரு காரில் கதவின் உட்புறத் தோலை விலக்கியதும் மாவு போலத் தூள் கொட்டியது. கரையான் தின்ற பள்ளத்தில் பட்டியை அடைத்து, அந்தப் பட்டியிலேயே திருகை முடுக்கியிருந்தார்கள். வெளியே பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆகவே, ஒரு கதவின் உள்பலகையையும் தரைவிரிப்பையும் கழற்றிக் காட்டுமாறு விற்பவரைக் கேளுங்கள். கதவுத் தூண்களின் அடி, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலைகள், பின்சக்கர வளைவு எனத் தண்ணீர் தங்கும் இடங்களில் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும். கெட்ட மரத்தில் இறங்கும். அவர் மறுத்தால், மரம் கெட்டுவிட்டது என்ற கணக்கிலேயே விலை பேசுங்கள். தகட்டின் ஓரங்களில் பெயின்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைத் தூள் தெரிந்தால், இரும்பு ஆணியோடு ஈரத்தில் ஒட்டிக் கிடந்த அலுமினியம் அரிக்கிறது என்று அறியலாம்.

சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரிலுள்ள ஹன்ட் ஹவுஸ் ஆவணக் காப்பகத்தில் இக்கார்களின் பழைய பதிவு அட்டைகள் இருக்கின்றன. முதலில் எந்தப் பட்டறை எத்தகைய பாடியைக் கட்டியது என்பதை அவற்றின் நகலைக் கொண்டு ஒப்பிடலாம்.

வாங்கிய பின் முதல் செலவு மரத்துக்கு. நம் ஊர் ஆசாரிகள் தேக்கையே பரிந்துரைப்பார்கள். ஆனால் அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது, ஆஷ் போல அது வளைந்தும் கொடுக்காது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஆஷ் துண்டையே இணைக்கச் சொல்லுங்கள். பெயின்டை உரிக்க வேண்டியிருந்தால் காஸ்டிக் சோடா கூடவே கூடாது, அது அலுமினியத்தையே தின்றுவிடும்; மணல் பீச்சியடித்தால் தகடு நெளியும். ஒடுக்கெடுக்கும் டிங்கர், தகட்டில் சோப்பைத் தடவி, அது கருக்கும்வரை மட்டும் சூடுகாட்டி, இளக்கிய பிறகு சுத்தியலைத் தொடுபவராக இருந்தால் நம்பி ஒப்படைக்கலாம்; பச்சையாகத் தட்டினால் பழைய அலுமினியம் வெடிக்கும். அதன்பின் அலுமினியத்துக்குரிய எட்ச் பிரைமர் (பெயின்ட் நன்றாகப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடித்து, வேலை செய்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதும்.

கூரையை எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சலூனை டூரராக, அதாவது திறந்த காராக, மாற்றும் வழக்கம் வெளிநாடுகளிலும் இருந்தது. ஆனால் மூலப் பாடியோடு இருக்கும் காரைத்தான் விவரம் அறிந்தவர்கள் தேடுகிறார்கள். மேலும், 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த கார் விண்டேஜ் பதிவு பெற வேண்டுமானால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான காராக இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பாருங்கள்.