நோர்வேப் பிள்ளைகளின் குளிர்காலம்: கேள்வி பதில்

ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஆரம்பப் பாடசாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குளிர்காலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு எழுதிய மடல்களைச் சென்ற மாதம் தமிழாக்கித் தந்திருந்தேன். அவற்றைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை, பாடசாலை, குளிர்கால விளையாட்டு ஆகியவற்றைப் பற்றி மட்டுமே என்னால் பொறுப்போடு பேச முடியும்.

கேள்வி (யாழ்ப்பாணம், ஆசிரியை): "மழையோ பனியோ, இடைவேளைக்கு வெளியே போகத்தான் வேண்டும்" என்று உங்கள் மாணவி ஒருத்தி எழுதியதை என் வகுப்பார் நம்பவில்லை. ஒரு குளிர்கால நாள் அவர்களுக்கு எப்படிக் கழிகிறது?

பதில்: அவள் எழுதியது உண்மை. டிசம்பர் மாத நடுவில் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். பிற்பகல் மூன்று மணியைச் சற்றுக் கடந்ததும் மறைந்துவிடும். ஆகவே பிள்ளைகள் இருட்டிலேயே பாடசாலைக்கு நடந்து வருகிறார்கள். வாகன ஓட்டிகளின் கண்ணில் படுவதற்காக, வெளிச்சத்தைத் திருப்பி ஒளிரும் பட்டிகளை அவர்களுடைய மேலங்கியிலும் புத்தகப் பையிலும் தொங்கவிட்டிருப்போம். வகுப்புக்கு வெளியேயுள்ள நடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொளுக்கி உண்டு. அதில் உடலை முழுதும் மூடும் பனியுடையும், கீழே கனத்த சப்பாத்தும், மேலே மாற்றுக் கம்பளிக் காலுறையும் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையும் அவற்றைத் தானே அணியப் பழகுகிறது. இருபது பிள்ளைகளும் உடுத்தி முடிப்பதற்குள் இடைவேளையின் பாதி போய்விடுகிறது என்று தொடக்கத்தில் நான் கவலைப்பட்டேன். அந்த உடுத்தலே ஒரு பாடம் என்பது பின்னர்தான் புரிந்தது.

மதிய உணவைப் பெரும்பாலான பாடசாலைகள் சமைத்துத் தருவதில்லை. வீட்டிலிருந்து வரும் மாட்பாக்கே எனப்படும் பொதியில் பாண் துண்டுகளும், அவற்றின் மேல் பாற்கட்டியோ ஈரல் களியோ, மோரடை நீரைக் காய்ச்சிச் செய்யும் இனிப்பான பழுப்புப் பாற்கட்டியோ இருக்கும். துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையில் வைப்பதற்கென்றே அளவாக வெட்டிய மெல்லிய தாள் கடைகளில் விற்கப்படுகிறது. "வீட்டில் புட்டு, பாடசாலையில் பாண், எனக்கு இரண்டு வாய் இருக்கிறது" என்று எழுதிய பிள்ளை எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். மாலையில் பலர் விளக்கிட்ட சறுக்குப் பாதைகளுக்குப் போவார்கள். காட்டோரமாகக் கம்பங்களில் விளக்கு எரியும் அந்தப் பாதைகள் பல ஊர்களில் உண்டு, கட்டணமும் இல்லை.

கேள்வி (பேர்கன், புதிதாகக் குடியேறிய தாய்): அக்கா, பதினான்கு மாதக் குழந்தையைப் பாலர் காப்பகத்தில் வெளியே தள்ளுவண்டியில் தூங்க வைக்கிறார்கள். சளி பிடிக்காதா?

பதில்: சளி கிருமியால் வருகிறது. மூடிய அறையில் பலர் நெருங்கி இருக்கும்போதுதான் அது எளிதாகப் பரவுகிறது. கம்பளி உள்ளாடையும் தடித்த உறக்கப் பையும் இருந்தால் குழந்தை வெளியில் நன்றாகத் தூங்கும். மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே தூங்க வைப்பதே பல காப்பகங்களின் வழக்கம். உங்கள் காப்பகத்தின் எல்லை எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கையும் விரல்களையும் தொட்டுப் பார்த்து அஞ்ச வேண்டாம், பிடரியைத் தொடுங்கள். அது இளஞ்சூடாக இருந்தால் குழந்தை நலமாக இருக்கிறது. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ, தந்தை): பிள்ளைக்கு எதை உடுத்தி அனுப்புவது?

பதில்: உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, நடுவில் தடித்த கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத உடை. பருத்தி வேண்டாம். இதை ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுகிறேன், இங்கும் சொல்லுகிறேன். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். ஓடி விளையாடிய பிள்ளை நின்றவுடன் அந்த ஈரமே உடலின் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஈரமானாலும் சூட்டைக் காக்கும். நம் வீடுகளில் அன்போடு அணிவிக்கும் பருத்திப் பெனியன்தான், கம்பளிக்கு அடியில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கெடுக்கிறது. விரல்கள் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடானது. நீண்ட கழுத்துத் துணி சறுக்குமரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால், தலைவழியே மாட்டும் கழுத்துக் குழாயே பாதுகாப்பு. சப்பாத்துக்குள் விரல் அசைய இடம் இருக்க வேண்டும்.

கேள்வி (ஸ்டவாங்கர்): எந்த நிறுவனத்தின் மேலங்கி சிறந்தது?

பதில்: உள்ளே கம்பளி இருந்தால் எதுவும் போதும், வளரும் பிள்ளைக்குப் பாவித்ததை வாங்குங்கள்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): பனிச்சறுக்கு நோர்வேயில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது? பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள்?

பதில்: உலகம் முழுவதும் வழங்கும் "ஸ்கி" என்ற சொல்லே நோர்வேயிலிருந்து போனதுதான். இங்கே அதை "ஷி" என்று ஒலிப்பார்கள். பிளந்த மரத்துண்டு என்பது அதன் பழம்பொருள். சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் சறுக்கைக் குறிக்கும் "ஸ்லாலம்" என்ற சொல்லும் இம்மக்களுடையதே. வடக்கே ரோடோய் தீவின் பாறையில் சறுக்குக் கட்டைமேல் நிற்கும் மனித உருவம் ஒன்று ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்டது. 1994இல் லில்லேஹம்மரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் சின்னங்கள் அதைத் தழுவியே வரையப்பட்டன. பனி மூடிய பள்ளத்தாக்கில் அயல்வீட்டுக்குப் போகவும் வேட்டையாடவும் பயன்பட்ட அந்தக் கட்டை விளையாட்டாக மாறியதில், டெலமார்க் மாவட்டத்தின் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோண்ட்ரெ நூர்ஹைம் என்ற ஏழைக் குடியானவருக்குப் பெரிய பங்குண்டு. 1825இல் பிறந்த அவர், முறுக்கிய மரக்கொடியால் குதிகாலையும் சேர்த்துக் கட்டும் முறையைக் கையாண்டார். கட்டை காலோடு நின்றதால் குதிக்கவும் திரும்பவும் முடிந்தது. 1868இல் தலைநகரில் நடந்த போட்டியில், நாற்பதைக் கடந்த வயதில், அவரே வென்றார்.

பிள்ளைகளுக்கு முதலில் ஊன்றுகோல் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதிலேயே சாய்ந்து நிற்பார்கள், சமநிலை வராது. சிறிய மேட்டில் ஏறி இறங்குவதும், கட்டைகளோடு ஓடிப்பிடித்து விளையாடுவதும்தான் முதற்பாடம். விழுந்தால், கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, முழங்காலில் எழுந்து, பிறகு நிற்க வேண்டும். "நான் முதல் நாள் முப்பத்திரண்டு தடவை விழுந்தேன்" என்று என் மாணவன் ஒருவன் பெருமையோடு மடலில் எழுதியிருந்ததை நினைவூட்டுகிறேன்.

கேள்வி (டிராம்மன், தந்தை): அக்கா, என் ஏழு வயது மகன் உள்ளூர்ச் சறுக்குப் போட்டியில் எல்லாரையும் முந்தினான். கடைசியாக வந்த பிள்ளைக்கும் அதே பதக்கத்தைக் கொடுத்தார்கள். முதலிடம் யாருக்கு என்று எழுதவும் இல்லை. இவனுக்குத் தனிப் பயிற்சியாளர் எங்கே கிடைப்பார்?

பதில்: நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு சிறுவர் விளையாட்டுக்கு 1987 முதல் விதிகள் வைத்திருக்கிறது. பதினொரு வயதுக்கு முன் தரவரிசையோ புள்ளி அட்டவணையோ வெளியிடக் கூடாது. பன்னிரண்டு வயது வரை, பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பதின்மூன்று வயதை எட்டும் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டிகளில் இறங்க முடியாது. கழகம் விதிப்படியே நடந்திருக்கிறது. தனிப் பயிற்சியாளரைத் தேடித் தர மாட்டேன், அண்ணா. ஏழு வயதில் அவனுக்குத் தேவை கூட்டாளிகள்.

கேள்வி (டொரன்டோ): 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களை வென்ற நாடு, பிள்ளைகளைப் போட்டியிட விடுவதில்லை என்பதை எப்படி நம்புவது?

பதில்: போட்டியிட விடுகிறார்கள், வரிசைப்படுத்துவதில்லை. ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழும் நாட்டில், யாரையும் சீக்கிரம் கழித்துவிடாமல் வைத்திருப்பதும் ஒரு காரணம் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்லுகிறார்கள். பத்து வயதில் குள்ளமாகவும் மெதுவாகவும் இருப்பவர் பதினெட்டில் எப்படி இருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பதக்கங்களுக்கு அந்த விதி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பனி, காட்டுப் பாதைகள், நாட்டின் செல்வம், ஊதியமின்றிக் கழகங்களை நடத்தும் பெற்றோர் எல்லாம் சேர்ந்ததே அது.

கேள்வி (டிராம்மன், அதே தந்தை): 2018 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற யோஹான்னஸ் கிளேபோவுக்கு அவருடைய தாத்தாவே பயிற்சியாளர். அது தனிப் பயிற்சி அல்லவா? இங்கே நம் பிள்ளைகள் இரு மடங்கு உழைத்தால்தான் ஓரிடம் கிடைக்கும்.

இடையில் துரோண்ட்ஹைமிலிருந்து ஒரு தாய்: அந்த அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகளை எட்டு வயதில் அப்படித்தான் விரட்டினேன். பன்னிரண்டில் கட்டைகளை நிலவறையில் வைத்தவள் இன்றுவரை எடுக்கவில்லை.

பதில்: இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தாத்தாவோடு காட்டுக்குப் போவதும், ஏழு வயதில் நேரம் பார்க்கும் கருவியோடு ஒருவர் நிற்பதும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த "இரு மடங்கு உழைப்பு" எனக்குத் தெரியாததல்ல. என் பெற்றோர் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார்கள். படிப்பு ஒன்றே கரையேற்றும் என்று நம்பிய அம்மாவுக்குச் சறுக்குவது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றியது. பதினொரு வயதில்தான் நான் முதன்முதலாகக் கட்டையில் நின்றேன். அதுவரை வகுப்பார் ஒன்றாக மலைக்குப் போன நாட்களில் "காய்ச்சல்" என்று வீட்டில் இருந்தேன். தீமூட்டி அப்பளம்போல் தட்டையான ரொட்டியில் சொசேஜைச் சுற்றி உண்டது, தோடம்பழத்தைப் பகிர்ந்தது, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தது, இவை எவற்றிலும் நான் இல்லை. மறுநாள் வகுப்பில் அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பின்தங்கியது அங்கேதான், கணக்கில் அல்ல. இன்றும் சறுக்கு நாளன்று வராமல் இருக்கும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது. உங்கள் மகன் விரும்பி ஓடுகிறான், அதைக் கொண்டாடுங்கள். எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்கும் இடம் வேண்டும் என்று அதே விதிகள் சொல்லுகின்றன. இன்றிரவு அவனிடமே கேளுங்கள்.

கேள்வி (லில்லெஸ்ட்ரோம்): கட்டை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: வாங்க வேண்டாம். "பூவா" என்ற இரவல் நிலையங்கள் பல நகரசபைகளில் உள்ளன. அங்கே கட்டணமின்றி எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். மலைச்சரிவு நிலையங்கள் பலவற்றில், தலைக்கவசம் அணிந்த ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இழுவை வண்டியில் கட்டணம் இல்லை.

கேள்வி (ஹமார்): வெளியே விளையாடினால் சளி பிடிக்காதா?

பதில்: மேலே பேர்கன் தாய்க்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (மோஸ்): குளிரில் விட்டால் காய்ச்சல் வராதா?

பதில்: இதே கேள்வி இன்று நான்காம் முறை வருகிறது. பதில் மாறாது. பருத்தி வேண்டாம்.

கேள்வி (கொழும்பு): சுற்றுலா விசா எடுப்பது எப்படி?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ, தாய்): வீட்டருகே ஏரி உறைந்துவிட்டது. பிள்ளைகள் சறுக்கலாமா?

பதில்: கெட்டியான தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். வெண்மையாகவோ நீர் கசிந்தோ இருப்பதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஓடை வந்து விழும் வாய், பாலத்தின் அடி, நாணல் ஓரம் ஆகிய இடங்களில் எப்போதும் மெல்லியதாக இருக்கும். நேற்று யாரோ நடந்தார் என்பது சான்றாகாது. துளையிட்டு அளந்த பிறகே இறங்குங்கள். பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் இறங்கவே கூடாது.

கேள்வி (துரோம்ஸோ பற்றி, மதுரையிலிருந்து): சூரியனே எழாத ஊரில் பிள்ளைகள் சோர்ந்துவிட மாட்டார்களா?

பதில்: நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஆனாலும் நண்பகலில் நீல ஒளி பரவும், பனி அதைப் பெருக்கிக் காட்டும். மலைகள் மறைப்பதால் நகரத்தில் சூரியன் மீண்டும் தெரிவது ஜனவரி 21 அளவில்தான். அன்று பிள்ளைகள் வெளியே நின்று வரவேற்று, "சூல்பொல்லெ" என்ற சூரியப் பணியாரம் உண்பார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம், அதே ஆசிரியை): என் வகுப்பின் கடைசிக் கேள்வி: பனிக்கு ஒலி உண்டா? எல்லாப் பனியிலும் உருண்டை பிடிக்கலாமா?

பதில்: உண்டு. கடுங்குளிரில் உலர்ந்த பனியை மிதித்தால், புதுச் சப்பாத்துப்போல் கிறீச்சிடும். புதிதாய்ப் பெய்த பனி மற்ற ஒலிகளை விழுங்கிவிடும். அன்று காலை தெருவில் கார் போவதும் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். உலர்ந்த பனியில் உருண்டை பிடிக்க முடியாது, மாவுபோல் உதிரும். பூச்சியப் பாகையை ஒட்டிய ஈரப் பனிதான் கையில் சேரும். அதற்குப் பிள்ளைகள் "கிராம்" என்று தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். இடைவேளை மணி அடிக்குமுன் யாராவது சன்னலில் எட்டிப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால், வகுப்பு முழுவதும் கம்பளிக் காலுறையைத் தேட ஆரம்பித்துவிடும்.